நிறுத்தினாரா, நின்றாரா? ஒன்றுபோல் தோன்றும் ஆங்கில வினைத்தொடர்கள்

"ஹீ ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்" என்றால் அவர் புகைபிடிப்பதை விட்டுவிட்டார் என்று பொருள். "ஹீ ஸ்டாப்ட் டு ஸ்மோக்" என்றால் அவர் செய்துகொண்டிருந்த வேறு வேலையை நிறுத்திவிட்டு, அல்லது போய்க்கொண்டிருந்த வழியில் நின்று, புகைபிடித்தார் என்று பொருள். முதல் வாக்கியத்தில் சிகரெட் அணைகிறது, இரண்டாவதில் பற்றவைக்கப்படுகிறது. ஆள் ஒருவர்தான், வினையும் காலமும்கூட ஒன்றுதான். வேறுபடுபவை "டு" என்னும் சிறுசொல்லும் "இங்" என்னும் விகுதியும் மட்டுமே. ஆங்கிலம் கற்கத் தொடங்கியிருப்பவர்கள் பெரும்பாலும் வினைச்சொற்களின் பொருளை அகராதியில் பார்த்து மனப்பாடம் செய்கிறார்கள். அது தேவைதான், ஆனால் "ஸ்டாப்" என்றால் நிறுத்து என்று மட்டும் அறிந்தவருக்கு இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றாகவே தோன்றும். பொருளில் ஒரு பாதி வினையில் இருக்கிறது. மறுபாதி, அந்த வினையை அடுத்து வருவது எந்த வடிவில் வருகிறது என்பதில் இருக்கிறது.

இத்தகைய இரட்டைத் தொடர்களைக் காணும்போது நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. சொல்லப்படும் செயல் நடந்துவிட்டதா, இனிமேல்தான் நடக்க வேண்டுமா, அல்லது நடக்கவே இல்லையா? குழப்பம் தரும் இணைகளில் பலவும் இந்தக் கேள்வியிலேயே பிரிந்துவிடுகின்றன.

அதற்கு "டு" என்னும் சொல்லின் பிறப்பும் ஒரு காரணம். "ஐ வென்ட் டு த லைப்ரரி" என்பதில் அது திசையைக் காட்டுகிறது. நூலகத்தை நோக்கிப் போனேன் என்கிறோம். வினைச்சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும் "டு"வும் தொடக்கத்தில் இதே சொல்தான். ஆகையால் "டு ஸ்மோக்" என்பதில், இன்னும் எட்டப்படாத ஒரு செயலை நோக்கிய பார்வை ஒட்டிக்கொண்டிருக்கிறது. "இங்" விகுதியோ இங்கே வினையைப் பெயராக்குகிறது. "ஸ்மோக்கிங்" என்பது புகைபிடித்தல். ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பேசுவதுபோல் எடுத்துப் பேசத்தக்க செயல். இருக்கும் ஒன்றைத்தான் நிறுத்த முடியும் என்பதால் "ஸ்டாப்"புக்குப் பின் "இங்" வந்தால் நிறுத்தப்படுவது அந்தச் செயலே. "டு" வந்தால் அது நின்றதன் நோக்கம்.

தமிழ் பேசுபவருக்கு இது புதிய பாடமன்று. "எழுதப் பார்த்தேன்" என்பதையும் "எழுதிப் பார்த்தேன்" என்பதையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் எழுத முயன்றேன், ஏதோ தடுத்தது. இரண்டாவதில் எழுதியே விட்டேன், அது எப்படி வருகிறது என்று பார்ப்பதற்காக. "எழுத" என்னும் எச்சத்துக்கும் "எழுதி" என்னும் எச்சத்துக்கும் இடையே இருப்பது ஓர் உயிரெழுத்தின் வேறுபாடு. ஆனால் ஒன்றில் செயல் நிகழவில்லை, மற்றொன்றில் நிகழ்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் "ஐ ட்ரைட் டு ரைட்" என்பதும் "ஐ ட்ரைட் ரைட்டிங்" என்பதும் ஏறக்குறைய இதே இணை. இலக்கண வகுப்பில் பலரும் தடுமாறும் இடத்தில் நம் காது விடையை ஏற்கெனவே வைத்திருக்கிறது.

இதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அறை புழுக்கமாக இருக்கிறது. "ஐ ட்ரைட் டு ஓப்பன் த விண்டோ" என்று ஒருவர் சொன்னால், அவர் ஜன்னலோடு மல்லுக்கட்டினார் என்று புரிந்துகொள்கிறோம். கொக்கி துருப்பிடித்திருக்கலாம், சட்டம் உப்பி இறுகியிருக்கலாம், இழுத்து இழுத்து விரல் சிவந்திருக்கலாம். ஜன்னல் திறந்ததாக அவர் சொல்லவில்லை. "ஐ ட்ரைட் ஓப்பனிங் த விண்டோ" என்று சொன்னால் ஜன்னல் சிரமமின்றித் திறந்தது. புழுக்கம் போயிற்றா இல்லையா என்பதுதான் இப்போது கேள்வி. முதல் வாக்கியத்தில் ஜன்னலைத் திறப்பதே இலக்கு. இரண்டாவதில் திறப்பது வழி, காற்று வருவது இலக்கு. கணினி உறைந்துபோனால் "ட்ரை ரீஸ்டார்ட்டிங் இட்" என்பதே இயல்பான யோசனை. "ட்ரை டு ரீஸ்டார்ட் இட்" என்றால், மறுபடி இயக்குவதே கடினம், முடிந்தால் செய்துபார் என்ற தொனி வந்துவிடும். பேச்சில் சிலர் இவ்விரண்டையும் கலந்து வழங்குவதுண்டு. எழுத்தில் பிரித்து வைப்பது நல்லது.

சந்தேகம் வரும்போது ஓர் எளிய சோதனை கைகொடுக்கும். தொடருக்குப் பின்னால் "ஆனால்" என்று சேர்த்து, அந்தச் செயல் நடக்கவில்லை என்று மறுத்துப் பாருங்கள். "ஜன்னலைத் திறக்க முயன்றேன், ஆனால் திறக்கவில்லை" என்பதில் முரண் இல்லை. "ஐ மேனேஜ்ட் டு ஓப்பன் இட்" என்று சொல்லிவிட்டு "ஆனால் திறக்கவில்லை" என்றால் கேட்பவர் விழிப்பார். "மேனேஜ்ட் டு" என்ற தொடருக்குள்ளேயே வெற்றி அடங்கியிருக்கிறது. "டு" வந்ததாலேயே செயல் நடக்கவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்பதையும் இந்த எடுத்துக்காட்டு நினைவூட்டுகிறது.

"ரிமெம்பர்" என்னும் வினையில் கதை சற்று மாறுகிறது. "ஐ ரிமெம்பர்ட் டு லாக் த டோர்" என்றாலும் கதவு பூட்டியிருக்கிறது. "ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்" என்றாலும், நினைவு பிழைபடாதவரை, கதவு பூட்டியிருக்கிறது. இங்கே நடந்ததா என்னும் கேள்வி உதவாது. எது முதலில் நடந்தது என்று கேட்க வேண்டும். முதல் வாக்கியத்தில் பூட்ட வேண்டும் என்ற நினைவு முதலில் வந்தது, பூட்டுதல் பின்னால் வந்தது. இரண்டாவதில் பூட்டுதல் முதலில், அதைப் பற்றிய நினைவு பின்னால். "ஃபர்கெட்" வந்தால் மறுபடி பெரிய பிளவு உண்டாகிறது: பூட்ட மறந்தேன் என்பதற்கு "ஃபர்காட் டு லாக்", பூட்டியதை மறந்தேன் என்பதற்கு "ஃபர்காட் லாக்கிங்". முன்னதில் கதவு திறந்து கிடக்கிறது. பின்னது ஆங்கிலத்தில் பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும். "ஐ வில் நெவர் ஃபர்கெட் மீட்டிங் ஹர்" என்றால் அவரைச் சந்தித்ததை என்றும் மறக்க மாட்டேன் என்று பொருள்.

அலுவல் கடிதம் எழுதுபவர்கள் "ரிக்ரெட்" என்னும் சொல்லில் கவனமாக இருக்க வேண்டும். "வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ" என்பது கெட்ட செய்திக்கு முன்னால் வரும் மரியாதைத் தொடர். செய்தி இனிமேல்தான் வருகிறது. அதையே "வி ரிக்ரெட் இன்ஃபார்மிங் யூ" என்று எழுதினால், உங்களிடம் அதைச் சொன்னதே தவறு என்று இப்போது வருந்துகிறோம் என்று பொருள்படும். "கோ ஆன்" என்னும் தொடரும் இப்படித்தான்: "ஷீ வென்ட் ஆன் டாக்கிங்" என்றால் பேசிக்கொண்டே போனார், "ஷீ வென்ட் ஆன் டு டாக் அபௌட் மணி" என்றால் வேறொன்றைப் பேசி முடித்து, அடுத்ததாகப் பணத்தைப் பற்றிப் பேசினார்.

"பிகின்", "ஸ்டார்ட்", "லைக்" போன்றவற்றில் இரண்டு வடிவங்களும் வரும். வேறுபாடு பெரும்பாலும் மிகச் சிறியது, தொடக்கநிலையில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. வேறு சில வினைகள் ஒரே வடிவத்தை மட்டும் ஏற்கும். "என்ஜாய்", "ஃபினிஷ்", "அவாய்ட்" ஆகியவை "இங்" வடிவத்தைக் கேட்கும். "வான்ட்", "ஹோப்", "டிசைட்" ஆகியவை "டு"வைக் கேட்கும். நான் மேலே சொன்ன விளக்கம் இவற்றில் பலவற்றுக்குப் பொருந்தும். விரும்புவதும் முடிவெடுப்பதும் இனி நடக்க வேண்டியவற்றைப் பற்றியவை, மகிழ்வதும் முடிப்பதும் கையில் இருப்பவற்றைப் பற்றியவை. ஆனால் "அவாய்ட்" என்பதோ நடக்காமல் தவிர்த்த ஒன்றைப் பற்றியது. அதற்கும் "இங்"தான் வருகிறது. ஆகவே இந்த விளக்கத்தை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாமே தவிர, சட்டமாக்கிக்கொள்ளக் கூடாது.

"டு" என்னும் சொல் இன்னொரு பொறியையும் வைத்திருக்கிறது. "ஐ யூஸ்ட் டு வாக் டு வொர்க்" என்றால் முன்பெல்லாம் வேலைக்கு நடந்தே போவேன், இப்போது போவதில்லை. "ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங் டு வொர்க்" என்றால் நடந்து போவது எனக்குப் பழக்கம், அதில் சிரமம் இல்லை. ஒன்று முடிந்துபோன வழக்கம், மற்றொன்று ஊறிப்போன பழக்கம். பழகிக்கொண்டு வருகிறேன் என்பதற்கு "கெட்டிங் யூஸ்ட் டு" என்று வரும். போதாக்குறைக்கு மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது: "அ ப்ரஷ் இஸ் யூஸ்ட் டு கிளீன் இட்" என்றால் அதைத் துலக்கத் தூரிகை பயன்படுத்தப்படுகிறது. எழுத்தில் மூன்றும் ஒரே சொல்லாகத் தெரிந்தாலும் காது பிரித்தறியும். வழக்கத்தையும் பழக்கத்தையும் சொல்லும்போது நடுவில் வருவது சீறும் "ஸ்" ஒலி, பயன்படுத்துவதைச் சொல்லும்போது வருவது வண்டின் ரீங்காரம்போல் தொண்டை அதிரும் ஒலி.

பழக்கத்தைச் சொல்லும் தொடரில் "டு"வுக்குப் பின் "வாக்" வராமல் "வாக்கிங்" வருவதற்குக் காரணம், அந்த "டு" வினையோடு சேர்ந்ததன்று என்பதே. அது "த லைப்ரரி"க்கு முன் வந்த பழைய திசைச்சொல்; பெயரைத்தான் ஏற்கும். இதைக் கண்டுபிடிக்க, "டு"வுக்குப் பின் ஒரு சாதாரணப் பெயர்ச்சொல்லை வைத்துப் பார்த்தால் போதும். "ஐ ஆம் யூஸ்ட் டு த நாய்ஸ்", அதாவது இந்த இரைச்சல் எனக்குப் பழகிவிட்டது, என்பது சரியாக நிற்கிறது. ஆகவே அங்கே வினை வந்தால் "இங்" சேர வேண்டும். "ஐ யூஸ்ட் டு த நாய்ஸ்" என்பது நொண்டுகிறது; ஆகவே அங்கே வெறும் வினைதான் வரும். கடிதத்தின் கடைசி வரியில் பலர் "ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம் யூ" என்று முடிப்பதும் இந்த இடத்தில் நேரும் பிழைதான். "ஐ லுக் ஃபார்வர்டு டு யுவர் லெட்டர்" என்பது சரியென்றால், "ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ" என்பதே சரி.

பழைய வழக்கத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் "வுட்" என்பதும் உண்டு. "முன்பெல்லாம் நடந்தே போவேன்" என்று கடந்த காலத்தைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தை எடுப்பதைப்போலவே, ஆங்கிலமும் "வில்" என்பதன் உறவுக்காரனை எடுக்கிறது. ஆனால் "வுட்" திரும்பத் திரும்பச் செய்த செயல்களுக்கு மட்டுமே. நிலைத்திருந்த ஒன்றைச் சொல்ல உதவாது. அங்கே முன்பு ஒரு மரம் இருந்தது என்பதற்கு "தேர் யூஸ்ட் டு பி அ ட்ரீ" என்றுதான் சொல்ல வேண்டும்.

இதுவரை தமிழ் நமக்கு உதவியது. இனி அது காலை வாரும் இடங்களுக்கு வருவோம்.

"அவர் வெளியூர் போயிருக்கிறார்" என்பதை ஒருவர் இன்னும் திரும்பவில்லை என்பதற்கும் சொல்கிறோம். "அவர் பல ஊர்களுக்குப் போயிருக்கிறார்" என்று, போய்த் திரும்பிய அனுபவத்துக்கும் அதே வடிவத்தைச் சொல்கிறோம். ஆங்கிலம் இவற்றைக் கலப்பதில்லை. போனவர் இன்னும் அங்கேயே இருந்தால் "ஹேஸ் கான் டு". போய்வந்துவிட்டால் "ஹேஸ் பீன் டு". எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர் "ஐ ஹேவ் கான் டு ஜப்பான்" என்று சொன்னால், அப்படியானால் இங்கே இருப்பது யார் என்று கேட்கத் தோன்றும்.

இதைவிடப் பெரிய சிக்கல் "வந்திருக்க வேண்டும்" என்னும் தொடரில் இருக்கிறது. "அவர் வந்திருக்க வேண்டும், செருப்பு வாசலில் கிடக்கிறது" என்பது ஊகம். வந்துவிட்டார் என்பதில் பேசுபவருக்கு ஏறக்குறைய ஐயமில்லை. "அவர் வந்திருக்க வேண்டும், எல்லாரும் அவருக்காகத்தானே காத்திருந்தார்கள்" என்பது குறை கூறல். அவர் வரவில்லை. ஒரே தொடர், நேரெதிரான இரண்டு செய்திகள். தமிழில் சூழலும் குரலும் இந்த வேறுபாட்டைச் சுமக்கின்றன. ஆங்கிலத்தில் தொடரே சுமக்கிறது. ஊகத்துக்கு "ஹீ மஸ்ட் ஹேவ் கம்", குறைக்கு "ஹீ ஷுட் ஹேவ் கம்". மொழிபெயர்ப்பு வேலையில் ஒருமுறை நான் அவசரத்தில் "மஸ்ட்" வர வேண்டிய இடத்தில் "ஷுட்" என்று எழுதி, வந்து சேர்ந்த ஒரு மனிதரை வராதவராக்கிவிட்டேன்; அடுத்த பத்தியில் அவர் பேசத் தொடங்கியபோதுதான் பிழை தெரிந்தது. "ஷுட் ஹேவ்" சில சமயம் "இந்நேரம் வந்திருப்பார்" என்னும் எதிர்பார்ப்பையும் குறிக்கும் என்பது உண்மை. ஆயினும் கற்கத் தொடங்கும்போது "ஷுட் ஹேவ்" என்றால் நடக்கவில்லை என்ற வருத்தம் என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

ஊகத்தை மறுக்கும்போதும் கவனம் தேவை. "மஸ்ட் ஹேவ்" என்பதற்கு எதிர்மறையாக "மஸ்ட்" என்பதையே மறுத்து எழுதத் தோன்றும். பிரிட்டிஷ் வழக்கிலோ "ஹீ கான்ட் ஹேவ் கம்" என்பதே மிகுதி. "அவர் வந்திருக்க முடியாது" என்று நாம் சொல்வதும் அதே தடத்தில்தான் செல்கிறது.

"வந்திருக்கலாம்" என்பதும் இதேபோல் இருமுகம் கொண்டது. "அவர் வந்திருக்கலாம், எனக்குத் தெரியாது" என்பது ஐயம். அதற்கு "மே ஹேவ் கம்". "அவர் வந்திருக்கலாம், என்ன குறைந்துவிடும்?" என்பது வராதவரைப் பற்றிய ஆதங்கம், அதற்கு "குட் ஹேவ் கம்". "குட் ஹேவ்" ஐயத்துக்கும் வரும். ஆனால் "மே ஹேவ்" ஆதங்கத்துக்கு வராது. "மைட் ஹேவ்" என்பதை ஐயத்துக்கும் சொல்வார்கள், சற்றே கடுப்போடு குறைகூறவும் சொல்வார்கள்.

தேவையின்மையைச் சொல்லும் இணையை நான் இவற்றிலெல்லாம் மிக நுட்பமானதாகக் கருதுகிறேன். "யூ நீட்ன்ட் ஹேவ் வெயிட்டட்" என்றால் நீங்கள் காத்திருந்தீர்கள், ஆனால் அது தேவைப்படவில்லை. காத்திருந்தது உறுதி, அந்த நேரம் போனது போனதுதான். "யூ டிட்ன்ட் நீட் டு வெயிட்" என்றால் காத்திருக்கும் தேவை எழவில்லை. காத்திருந்தீர்களா என்பதைத் தொடர் சொல்வதில்லை, பெரும்பாலும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். முன்னதை ஒருவரிடம் நேரில் சொல்லும்போது நன்றியும் கலந்திருக்கலாம், சலிப்பும் கலந்திருக்கலாம்; பரிசு கொண்டுவந்தவரிடம் "இதெல்லாம் எதற்கு" என்று சொல்வதும் "யூ நீட்ன்ட் ஹேவ்" என்பதும் ஏறக்குறைய ஒன்றே. அமெரிக்க வழக்கில் இந்த வடிவம் குறைவு. அங்கே "டிட்ன்ட் நீட் டு", "டிட்ன்ட் ஹேவ் டு" என்பவை இரண்டு வேலைகளையும் பார்த்துக்கொள்கின்றன.

முடிந்தது என்பதைச் சொல்லும்போதும் ஒரு கேள்வி காத்திருக்கிறது: ஆற்றல் இருந்ததா, அல்லது அந்த ஒரு வேளையில் செய்து முடித்தாரா? "ஷீ குட் ஸ்விம் வென் ஷீ வாஸ் ஃபோர்" என்றால் 4 வயதிலேயே அவளுக்கு நீந்தத் தெரியும். ஆனால் படகு கவிழ்ந்த அன்று அவள் நீந்திக் கரை சேர்ந்தாள் என்பதற்கு "குட்" போதாது. "ஷீ வாஸ் ஏபிள் டு ஸ்விம் டு த ஷோர்" என்றோ "மேனேஜ்ட் டு" என்றோ சொல்ல வேண்டும். எதிர்மறையில் இந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. அன்று அவளால் கரை சேர முடியவில்லை என்பதற்கு "குட்ன்ட்" தாராளமாக வரும். பார்த்தல், கேட்டல் போன்ற புலன் வினைகளிலும் "குட்" தடையின்றி வரும்: "ஐ குட் ஹியர் தெம்".

இன்னொருவரைக் கொண்டு ஒரு வேலையைச் செய்விப்பதற்கு ஆங்கிலத்தில் நான்கு வினைகள் போட்டியிடுகின்றன. ஓர் அறிக்கையைத் திரும்ப எழுதும் வேலை என்று வைத்துக்கொள்வோம். "ஷீ மேட் ஹிம் ரீரைட் இட்" என்றால் அவர் விரும்பாவிட்டாலும் எழுத வைத்தாள். "ஷீ லெட் ஹிம் ரீரைட் இட்" என்றால் அவர் எழுத விரும்பினார், இவள் எழுதவிட்டாள். "எழுத வைத்தாள்", "எழுதவிட்டாள்" என்னும் நம் துணைவினைகள் இவற்றைத் துல்லியமாகப் பிடித்துவிடுகின்றன. "ஷீ ஹேட் ஹிம் ரீரைட் இட்" என்பதில் கட்டாயமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. வேலையை ஒப்படைக்கும் பொறுப்பில் இருப்பவள் ஒப்படைத்தாள், அவர் செய்தார். "ஷீ காட் ஹிம் டு ரீரைட் இட்" என்பதில் பேசிச் சம்மதிக்க வைத்த உழைப்பு தெரிகிறது. இந்த நான்கில் "கெட்" மட்டுமே "டு"வைக் கேட்கிறது என்பதைக் கவனிக்கலாம். "மேக்" செயப்பாட்டில் வரும்போது அதுவும் "டு"வை ஏற்றுக்கொள்ளும்: "ஹீ வாஸ் மேட் டு ரீரைட் இட்".

"ஹேவ்" என்னும் இந்த வினையில் சொற்களின் வரிசையைச் சற்று மாற்றினாலே ஆளே மாறிவிடுவார். "ஐ ஹேட் மை ஹேர் கட்" என்றால் முடிதிருத்துபவரிடம் வெட்டிக்கொண்டேன். "ஐ ஹேட் கட் மை ஹேர்" என்றால் அதற்கு முன்பே நானே என் முடியை வெட்டியிருந்தேன். தமிழில் "முடி வெட்டினேன்" என்றும் "வீடு கட்டினேன்" என்றும் இயல்பாகச் சொல்கிறோம். கத்தரியையோ கரண்டியையோ நாம் தொட்டதாக யாரும் நினைப்பதில்லை. அதே பழக்கத்தில் "ஐ கட் மை ஹேர்" என்று சொன்னால், கண்ணாடி முன் நின்று நீங்களே வெட்டிக்கொண்டதாகத்தான் ஆங்கிலக் காது புரிந்துகொள்ளும்.

வினைக்குப் பின்னால் வரும் சிறுசொற்கள் தனி உலகம். 1755ஆம் ஆண்டு வெளியான தம் ஆங்கில அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், வினையோடு ஒரு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறும் இந்த வகைதான் அயலாருக்கு மிகப் பெரிய இடர்ப்பாட்டைத் தருகிறது என்று எழுதினார். "லுக் ஃபார்" என்றால் தேடு, "லுக் ஆஃப்டர்" என்றால் கவனித்துக்கொள் என்பவற்றை வேறு வேறு சொற்களாகவே கற்றுக்கொண்டால் போதும்; அங்கே நுட்பம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. நுட்பம் இருப்பது பொருள் மிக அருகருகே நிற்கும் இடங்களில். "த்ரோ த பால் டு ஹிம்" என்றால் அவர் பிடிப்பதற்காகப் பந்தை வீசுவது. "த்ரோ த பால் அட் ஹிம்" என்றால் அவர்மேல் படும்படி எறிவது. தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கக் கத்தினால் "ஷௌட் டு", கோபத்தில் அவர்மேல் கத்தினால் "ஷௌட் அட்". "டு" பெறுபவரைக் காட்டுகிறது. "அட்" இலக்கைக் காட்டுகிறது.

இலக்கு என்றால் தவறவும் செய்யலாம் அல்லவா? அதனால்தான் "ஹீ கிராப்ட் த ரோப்" என்பதற்கும் "ஹீ கிராப்ட் அட் த ரோப்" என்பதற்கும் உயிர் போகும் வேறுபாடு இருக்கிறது. விழப்போகிறவர் முதல் வாக்கியத்தில் கயிற்றைப் பற்றிக்கொண்டார். இரண்டாவதில் அவர் கை கயிற்றை நோக்கிப் பாய்ந்தது. சிக்கியதா என்பதை அடுத்த வாக்கியம்தான் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் கேட்ட கேள்வி இங்கே வேறு உருவத்தில் திரும்பி வருகிறது.

"அப்" என்னும் சிறுசொல் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. "ட்ரிங்க் யுவர் மில்க்" என்றால் பாலைக் குடி. "ட்ரிங்க் அப் யுவர் மில்க்" என்றால் மிச்சம் வைக்காமல் குடித்துவிடு. "குடித்துவிடு" என்பதில் "விடு" செய்வதைத்தான் "அப்" செய்கிறது. மேலே என்ற பொருள் அங்கே கரைந்துபோய் முழுமை என்ற பொருள் மட்டும் எஞ்சுகிறது. "யூஸ் அப்" என்றால் தீரும்வரை பயன்படுத்து, "டேர் அப்" என்றால் துண்டு துண்டாகக் கிழித்துப்போடு. காகிதம் எரிந்து தீர்ந்தால் "பர்ன் அப்", கட்டடம் எரிந்து தரைமட்டமானால் "பர்ன் டௌன்" என்று ஆங்கிலம் மேலும் கீழும் போவதற்கு, கட்டடம் சரிந்து விழும் என்பதைத் தவிர நான் வேறு காரணம் தேடுவதில்லை.

"அவரை எனக்குத் தெரியும்" என்பதைப் பழகியவரைப் பற்றியும் சொல்கிறோம், பெயரளவில் கேள்விப்பட்டவரைப் பற்றியும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் பழகியிருந்தால்தான் "ஐ நோ ஹிம்". கேள்விப்பட்டது மட்டும் என்றால் "ஐ நோ ஆஃப் ஹிம்". புகழ்பெற்ற ஒருவரைப் பற்றி "ஐ நோ ஹிம்" என்று சொல்லிவிட்டு, அவரை எனக்கும் அறிமுகப்படுத்துங்களேன் என்ற வேண்டுகோளை எதிர்கொள்ளும் சங்கடம் இந்த ஒற்றை "ஆஃப்" விடுபட்டதால் வருவதே.

கடைசியாக, வேறுபாடு இருப்பதுபோல் தோன்றி, தேடினால் கிடைக்காத ஓர் இணை. "ட்ரை டு கம்" என்பதற்குப் பதிலாக ஆங்கிலேயர்கள் பேச்சில் "ட்ரை அண்ட் கம்" என்பார்கள். வரப் பாருங்கள் என்பதே இரண்டுக்கும் பொருள். இரண்டாவது சற்று வீட்டுப் பேச்சு, அவ்வளவுதான். ஆனால் இந்த "அண்ட்" வினை வேற்றுருவம் எடுக்காதவரைதான் நிற்கும். "ஹீ ட்ரைட் அண்ட் கேம்" என்று இறந்தகாலமாக்கினால் பொருள் உடைந்துவிடுகிறது. அங்கே அவர் முயன்றார், வந்தும் சேர்ந்தார் என்று இரண்டு செயல்கள் ஆகிவிடுகின்றன. வர முயன்றார், வந்தாரா தெரியாது என்று சொல்ல வேண்டுமானால் மறுபடி "டு"விடம்தான் போக வேண்டும்.